முன்பக்க ஜன்னலை மாற்ற கவுன்சில் அனுமதி வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். போன வருடம் கிழக்கு லண்டனில் ஒரு விக்டோரியன் வீடு வாங்கினோம். வரிசை வீடுகளில் கடைசி வீடு, ஃப்ரீஹோல்ட் (நிலமும் எங்களுடையதே). ஜன்னல்கள் எல்லாம் மேலும் கீழும் நகரும் பழைய மர சாஷ் ஜன்னல்கள், ஒற்றைக் கண்ணாடி. குளிர்காலத்தில் காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிகிறது. கீழ்ச்சட்டம் ஊறிப் பெயின்ட் உரிகிறது. குழந்தைகள் அறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) போட்ட வெள்ளை பிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கலாம் என்று ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். வந்த சேல்ஸ்மேன், "பழசுக்குப் பதில் புதுசுதானே, பர்மிஷன் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் கட்டினால் பெரிய தள்ளுபடி" என்கிறார். எதிர் வீட்டிலும் பிவிசிதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் வீடு வாங்கியபோது சாலிசிட்டர் அனுப்பிய காகிதங்களில் 'கன்சர்வேஷன் ஏரியா' என்று பார்த்த ஞாபகம். இன்னும் இரண்டு ஆசை உண்டு. மாடிப்படி ஒரே இருட்டு. பக்கவாட்டுச் சுவரில் மாடி உயரத்தில் ஒரு புது ஜன்னல் வேண்டும். லாஃப்ட்டில் ஒரு கூரை ஜன்னலும் வேண்டும். எதற்கெல்லாம் அனுமதி தேவை?

— ஒரு வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து விற்பவரிடம் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற சட்டம் இங்கே இருப்பது உண்மைதான். ஆனால் வாங்குபவருக்காக அளவெடுத்துச் செய்கிற பொருளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஜன்னல் அப்படிப்பட்ட பொருள். அட்வான்ஸ் கட்டிய பிறகு கவுன்சில் அனுமதி மறுத்தால், அந்தப் பணத்துக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும். "பர்மிஷன் வேண்டாம்" என்று சேல்ஸ்மேன் வாயால் சொன்னது கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அது வீட்டு உரிமையாளரான உங்கள் பேருக்குத்தான் வரும், கம்பெனிக்கு அல்ல.

சேல்ஸ்மேன் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. இங்கிலாந்தில் ஃபிளாட் அல்லாத ஒரு சாதாரண வீட்டின் ஜன்னலை மாற்றுவதற்குப் பெரும்பாலும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டின் பெர்மிட்டட் டெவலப்மென்ட் ஆணை அந்த அனுமதியைப் பொதுவாகவே கொடுத்து வைத்திருக்கிறது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. வெளியில் பயன்படுத்தும் பொருள் பார்வைக்கு ஏற்கெனவே இருப்பதைப் போல இருக்க வேண்டும். மரத்துக்குப் பதில் பிவிசி போட்டாலே அந்த நிபந்தனை மீறப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அரசாங்கத்தின் விளக்கக் குறிப்பே, பழைய வீட்டில் பிவிசி இல்லாவிட்டாலும் புதிதாக பிவிசி டபுள் கிளேசிங் போடலாம், ஜன்னலின் உருவம், சட்டத்தின் நிறம், தடிமன் எல்லாம் பழையதை ஒத்திருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. மேலும் கீழும் நகரும் சாஷை எடுத்துவிட்டு, வெளிப்பக்கமாகத் தள்ளித் திறக்கும் ஜன்னலை வைத்தால் அது ஒத்த தோற்றம் ஆகாது. எந்தப் பொருள் என்பதைவிட தெருவில் நின்று பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பழைய தோற்றத்தைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட பகுதி, என்றாலே எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. 1967-இல் டங்கன் சாண்டிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சிவிக் அமெனிட்டீஸ் சட்டத்தில் தொடங்கியது இந்த ஏற்பாடு. முதலில் அறிவிக்கப்பட்ட இடம் லிங்கன்ஷரில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட். இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கன்சர்வேஷன் ஏரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் உங்கள் வீடு இருந்தாலும், ஜன்னல் மாற்றும் பொது அனுமதி தானாகப் பறிபோவதில்லை. பறிப்பது ஆர்ட்டிகிள் 4 என்ற தனி உத்தரவு. குறிப்பிட்ட தெருக்களில், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அந்தப் பொது அனுமதியை கவுன்சில் இந்த உத்தரவின் மூலம் விலக்கிக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் ஃபாரஸ்ட் கேட்டின் உட்கிரேஞ்ச் எஸ்டேட் அப்படிப்பட்ட இடம். அதே கவுன்சிலில் இரண்டு தெரு தள்ளிப் போனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாமலும் இருக்கலாம். அதனால் "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அனுமதியே வாங்காமல் போட்டார்" என்ற செய்தி உங்களுக்கு உதவாது.

எனவே முதல் வேலை உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் கன்சர்வேஷன் ஏரியா வரைபடத்தையும் ஆர்ட்டிகிள் 4 பட்டியலையும் எடுத்துப் பார்ப்பது. பட்டியலில் தெருப் பெயர் இருந்தால் அத்தோடு நின்றுவிடாதீர்கள், உத்தரவையே திறந்து படியுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். பெரும்பாலான உத்தரவுகள் சாலையையோ பொது இடத்தையோ பார்த்திருக்கும் முகப்பை மட்டும் கட்டுப்படுத்தும். சில உத்தரவுகள் நான்கு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும். உங்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. முகப்பு மட்டும்தான் என்றால் பின்பக்கத்து அறைகளுக்கு விண்ணப்பமே வேண்டாம், அங்கே பழைய ஜன்னலின் உருவத்தை ஒட்டிய டபுள் கிளேசிங் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் இருப்பது கடைசி வீடு. பக்கவாட்டுச் சுவர் இன்னொரு தெருவைப் பார்த்திருந்தால் அதுவும் முகப்புக் கணக்கில் வந்துவிடும்.

எதிர் வீட்டு பிவிசி பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருக்கும். அவர்கள் ஆர்ட்டிகிள் 4 வருவதற்கு முன்பே போட்டிருக்கலாம். அனுமதியில்லாமல் போட்டு, கவுன்சில் நடவடிக்கை எடுக்கும் காலம் கடந்துபோயிருக்கலாம். முன்பு அந்தக் காலம் நான்கு ஆண்டு. இப்போது 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு முடிந்த வேலைகளுக்குப் பத்து ஆண்டாக நீட்டிவிட்டார்கள். அதாவது அவர்கள் தப்பித்த வழி உங்களுக்கு இல்லை. பத்து ஆண்டுக்குள் எப்போது யார் புகார் கொடுத்தாலும் கவுன்சில் வரலாம், ஜன்னலைக் கழற்றச் சொல்லலாம். அப்படி வந்த நோட்டீஸை மதிக்காமல் விட்டால் அது குற்ற வழக்காகும். எதிர் வீட்டைக் காட்டி வாதாடினால், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகத்தான் பார்ப்போம் என்று அதிகாரி சொல்வார். தெரு முழுக்கவே மாறிப்போயிருந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு. ஒரு வீட்டை மட்டும் காட்டினால் எடுபடாது.

சரி, ஆர்ட்டிகிள் 4 இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அதிகாரி எதைப் பார்ப்பார்? கன்சர்வேஷன் ஏரியாவின் தன்மையையும் தோற்றத்தையும் காப்பதற்குத் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கடமை விதித்திருக்கிறது. அவர் மனம்போன போக்கில் தடுக்கவில்லை. உங்கள் ஜன்னல் முன்னால் நின்று பாருங்கள், அவர் பார்ப்பது உங்களுக்கும் தெரியும். மேல் சட்டத்தின் இரண்டு கீழ் மூலைகளிலும் கொம்பு மாதிரி சின்னதாகச் செதுக்கிய மரத்துண்டு நீண்டிருக்கும். விக்டோரியன் காலத்தில் வந்தது இது. 1845-இல் கண்ணாடி வரியும் 1851-இல் ஜன்னல் வரியும் போன பிறகு பெரிய கண்ணாடி மலிவானது. சின்னச் சின்னக் கட்டங்களைத் தாங்கிய குறுக்குச் சட்டங்கள் போய், சட்டத்துக்கு ஒரே கண்ணாடி, அல்லது இரண்டு கண்ணாடி வந்தது. அந்த எடையைத் தாங்க மூலை இணைப்புக்கு வலு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இந்தக் கொம்பு. பிவிசி கம்பெனிகள் இதே கொம்பைத் தனியாகச் செய்து மேலே ஒட்டித் தருகின்றன. கிட்டப் போனால் ஒட்டுப்போட்ட கோடு தெரியும்.

அடுத்து, நடுவில் இரண்டு சட்டங்களும் சந்திக்கும் குறுக்குக் கட்டை. பழைய மரத்தில் அது மெல்லியதாக இருக்கும். பிவிசியில் உள்ளே அறைகள் வைத்த குழாய் அமைப்பு என்பதால் தடித்துவிடும், கண்ணாடியின் பரப்பு குறையும். பிறகு ஆழம். உங்கள் ஜன்னல் சட்டம் செங்கல் சுவரின் முகத்தோடு முகமாக இருக்காது, உள்ளே தள்ளி நிற்கும். லண்டனில் இது தற்செயலாக வந்த வழக்கம் அல்ல. தீ பரவுவதைத் தடுக்க மரச்சட்டத்தை 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று 1709-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம், சாஷைத் தூக்கிப் பிடிக்கும் கயிறும் எடையும் இருக்கும் சாஷ் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. நூறு ஆண்டு கழித்துக் கட்டிய உங்கள் தெருவும் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றியிருக்கிறது. காலை வெயிலில் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் விழுகிற நிழல் அந்த ஆழத்தால் வருகிறது. மாற்றுகிறவர்கள் அவசரத்தில் சட்டத்தை முன்னுக்குத் தள்ளிப் பொருத்திவிட்டால் வீட்டின் முகமே தட்டையாகிப்போகும். உண்மையாகவே சொல்கிறேன், இந்த நிழலைக் காப்பாற்றத்தான் நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மல்லுக்கட்டுகிறேன்.

முகப்புக்கு விண்ணப்பம் போடுவதாக இருந்தால், மர சாஷிலேயே மெல்லிய டபுள் கிளேசிங் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான டபுள் கிளேசிங் 20 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கும். மெல்லிய வகை 12 முதல் 14 மி.மீ. நடுவில் காற்றை எடுத்துவிட்ட வேக்வம் கண்ணாடி அதைவிடவும் மெல்லியது, விலையும் கூட. இரண்டு கண்ணாடி ஏறினால் சட்டம் கனக்கும். பெட்டிக்குள் தொங்கும் இரும்பு எடைக்குப் பதில் ஈய எடை மாற்ற வேண்டும். இதைக் கோட்டேஷனில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாத ஆள் சாஷ் வேலை தெரிந்தவர் அல்ல.

விண்ணப்பத்தை பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாகப் போடலாம். 1:1250 அளவில் வீட்டைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வரைபடம் வேண்டும். இப்போதுள்ள முகப்பும் மாற்றிய பிறகு இருக்கப்போகும் முகப்பும் வரைந்து வைக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது ஜன்னலின் குறுக்குவெட்டு வரைபடம், 1:5 அல்லது 1:10 அளவில். சட்டத்தின் தடிமன், கண்ணாடியின் தடிமன், சுவரிலிருந்து எவ்வளவு உள்ளே நிற்கிறது எல்லாம் அதில் மி.மீ. கணக்கில் இருக்க வேண்டும். கம்பெனி கேட்டலாக்கில் இருக்கும் கலர் படத்தை இணைத்து அனுப்பிவிட்டு "நிராகரித்துவிட்டார்கள்" என்று வருகிறவர்கள் நிறைய. அதே ஜன்னலைக் குறுக்குவெட்டோடு திரும்பப் போட்டு அனுமதி வாங்கியதும் உண்டு. முடிவு சொல்ல கவுன்சிலுக்கு 8 வாரம் அவகாசம். மறுத்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து ஒரேயடியாக 528 ஆனது. ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைவாசியோடு அது நகரும் என்பதால் கட்டுகிற நாளில் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஒன்றானாலும் பத்தானாலும் கட்டணம் ஒன்றுதான். அதனால் முகப்பில் அனுமதி தேவைப்படும் எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். ஒருவேளை ஆர்ட்டிகிள் 4 இல்லை என்று தெரியவந்தால், அனுமதி தேவையில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வாங்கலாம். கட்டணம் பாதி. வீட்டை விற்கும்போது கேள்வியே வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அனுமதி விஷயம் அல்ல, குழந்தைகள் அறையின் பூஞ்சைதான். ஜன்னலை மாற்றினால் அது போய்விடும் என்று நம்பிப் பெரிய செலவில் இறங்கப்போகிறீர்கள். போகாமலும் இருக்கலாம். கண்ணாடியில் வழிகிற தண்ணீர் வெளியிலிருந்து வருவதல்ல. குளியல், சமையல், உள்ளே காயப்போட்ட துணி, இரவெல்லாம் நாம் விடும் மூச்சு, இந்த ஈரமெல்லாம் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படிகிறது. இப்போது அந்த இடம் ஒற்றைக் கண்ணாடி. காற்றுப் புகாத புது ஜன்னல் வைத்துவிட்டால் அடுத்த குளிர்ந்த இடத்தை அது தேடும். அது அலமாரிக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர் மூலை. கண்ணாடியிலாவது துடைக்கலாம், அங்கே கண்ணுக்கே தெரியாது. அதனால் முதலில் குளியலறையில் நொடிக்கு 15 லிட்டராவது இழுக்கும் விசிறியும், அடுப்புக்கு மேல் 30 லிட்டர் இழுத்து வெளியே தள்ளும் ஹூடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வடிகட்டி திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும் ஹூட் ஆவியைப் பொறுத்தவரை உதவாது. நம் வீடுகளில் தினமும் சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், ஆவிக்குப் பஞ்சமில்லை. மழை ஒழுகி வரும் ஈரமாக இருந்தால் கதை வேறு. வெளியில் அந்த மூலைக்கு நேரே மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஒவ்வொரு ஜன்னலின் கீழ்ச்சட்டத்தையும் வெளிப்பக்கத்து அடிப்பலகையையும் மெதுவாகக் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால் அந்த இடம் மக்கியிருக்கிறது. பெரும்பாலும் கீழே ஒரு சாண் அளவுக்குத்தான் மக்கல் இருக்கும், மேலே மரம் கெட்டியாக நிற்கும். அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்த பால்டிக் பைன் மெதுவாக வளர்ந்து இறுகிய மரம், இன்று கடையில் கிடைப்பது அதன் பக்கத்தில் வராது. மக்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அதே வடிவத்தில் புது மரம் இணைக்கலாம், கயிறு மாற்றலாம், சுற்றிலும் பிரஷ் பட்டை வைத்து இடுக்குகளை அடைக்கலாம். உங்களுக்குக் குளிர்வது கண்ணாடியால் மட்டும் அல்ல, பெரும்பகுதி அந்த இடுக்குகளில் வரும் காற்றால்தான். பழுது பார்ப்பதற்கு ஆர்ட்டிகிள் 4 இருந்தாலும் அனுமதி தேவையில்லை.

அதன் மேல் செகண்டரி கிளேசிங் போடலாம். பழைய ஜன்னலைத் தொடாமல், வீட்டுக்குள் பக்கம் மெல்லிய சட்டத்தில் இன்னொரு கண்ணாடி. வீட்டுக்குள் செய்யும் வேலை என்பதால், லிஸ்டட் கட்டடமாக (வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலில் சேர்த்த கட்டடம்) இல்லாதவரை, கவுன்சிலை எதுவும் கேட்க வேண்டாம். நல்ல வகைக் கண்ணாடி போட்டால் ஜன்னல் வழியாகப் போகும் வெப்பத்தில் பாதிக்கு மேல் மிச்சமாகும். இரண்டுக்கும் இடையில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டால் தெருச் சத்தத்தை டபுள் கிளேசிங்கைவிடவும் இது நன்றாகத் தடுக்கும். உள் கண்ணாடி நன்றாக இறுகி மூட வேண்டும், வெளி ஜன்னல் கொஞ்சம் காற்று விட வேண்டும். தலைகீழாகச் செய்தால் நடுவில் தண்ணீர் கோக்கும். குறுக்குக் கட்டை பழைய ஜன்னலின் குறுக்குக் கட்டைக்கு நேராக வந்தால் தெருவிலிருந்து தெரியவே தெரியாது. முகப்புக்கு இதைச் செய்து, பின்பக்கத்துக்குப் புது டபுள் கிளேசிங் போடுவதுதான் உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழி. கவுன்சில் கட்டணமும் எட்டு வாரக் காத்திருப்பும் மிச்சம்.

பிளானிங் வேறு, கட்டட வேலையின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்க்கும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. ஒன்று வேண்டாம் என்றால் இன்னொன்றும் வேண்டாம் என்று ஆகாது. பின்பக்க ஜன்னலைச் சட்டத்தோடு மாற்றும்போது இரண்டாவது கட்டாயம் வரும். 2002 ஏப்ரல் 1 முதல் இந்த விதி இருக்கிறது. ஃபென்சா அல்லது செர்டாஸ் என்ற ஜன்னல் போடுகிறவர்களுக்கான பதிவுத் திட்டத்தில் பதிவு செய்த ஆள் என்றால் அவரே சான்றளித்துவிடுவார், இல்லாவிட்டால் நீங்கள் அந்த விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வெப்பம் எவ்வளவு வெளியேறும் என்பதைக் காட்டும் யு-வேல்யூ 1.4-க்கு மேல் போகக்கூடாது, அல்லது ஜன்னலின் எனர்ஜி ரேட்டிங் குறைந்தது பி ஆக இருக்க வேண்டும். தரையிலிருந்து 800 மி.மீ.க்குக் கீழே வரும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். படுக்கையறையில் இப்போது தீ விபத்தில் வெளியேறத் தோதான ஜன்னல் இருந்தால், புதியது அதைவிட மோசமாகக் கூடாது. திறக்கும் பகுதி 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மி.மீ.க்குக் குறையாமல் என்பது அளவு. சட்டத்தின் மேல் காற்று விடும் ட்ரிக்கிள் வென்ட் வேண்டாம், அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் 8,000 சதுர மி.மீ. என்று விதியே இருக்கிறது, உங்கள் பூஞ்சைக்கும் அதுதான் மருந்து. வீட்டை விற்கும் நாளில் 2002-க்குப் பிறகு மாற்றிய ஜன்னல்களுக்குச் சான்றிதழ் எங்கே என்று வாங்குபவரின் சாலிசிட்டர் கேட்பார். வந்தவுடன் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். இன்னொன்று. எனர்ஜி சேமிப்புப் பொருளுக்கு வாட் வரி கிடையாது என்று சேல்ஸ்மேன் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சலுகை இன்சுலேஷன், சோலார் போன்றவற்றுக்கு, ஜன்னலுக்கு இல்லை.

மாடிப்படிக்கான புது ஜன்னலுக்கு வருவோம். பொது அனுமதியிலேயே இதைச் செய்யலாம், ஆர்ட்டிகிள் 4 அந்தச் சுவரைத் தொடாவிட்டால். ஆனால் மாடியில், பக்கவாட்டுச் சுவரில் வருவதால் இரண்டு நிபந்தனை. கண்ணாடி மங்கலானதாக இருக்க வேண்டும். உள்ளே நிற்கும் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்துக்குக் கீழே எந்தப் பகுதியும் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டாரின் அந்தரங்கத்துக்காக வைத்த விதி. படிக்கட்டில் 1.7 மீட்டரை எந்தப் படியிலிருந்து அளப்பது என்று தகராறு வரும். அதனால் அங்கே திறக்கவே திறக்காத மங்கல் கண்ணாடி போட்டுவிடுவது நல்லது, வெளிச்சம்தானே வேண்டும். பழைய மாதிரியே மரச்சட்டம் வைத்தால் சுவரோடு ஒத்துப்போகும். சுவரை உடைத்து, திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் லின்டல் வைப்பதால் பில்டிங் கன்ட்ரோல் கட்டாயம் வேண்டும். ஃபென்சா சான்றிதழ் இருக்கிற திறப்பில் ஜன்னல் மாற்றுவதற்குத்தான், புதுத் திறப்புக்குச் செல்லாது. சுவர் எல்லையிலிருந்து 1 மீட்டருக்குள் இருந்தால் தீ பரவும் விதியும் குறுக்கே வரும். சாதாரணக் கண்ணாடி 1 சதுர மீட்டருக்கு மேல் போக முடியாது. மாடிப்படிக்கு அது தாராளம். வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சட்டம் கேட்கவில்லை என்றாலும்.

லாஃப்ட்டின் கூரை ஜன்னலும் பெரும்பாலும் பொது அனுமதிக்குள் வரும். ஓடு மட்டத்திலிருந்து 150 மி.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது, கூரையின் உச்சியைத் தாண்டக் கூடாது. முன்பக்கச் சரிவை ஆர்ட்டிகிள் 4 பிடித்திருக்கலாம் என்பதால் பின்பக்கச் சரிவில் வையுங்கள். ஓட்டோடு ஓடாகப் படிந்து நிற்கும் கன்சர்வேஷன் வகை கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். லாஃப்ட்டை அறையாக மாற்றி, கூரையிலிருந்து வெளியே நீட்டிக் கட்டும் டார்மர் வைக்கும் எண்ணம் பின்னால் வந்தால் அது வேறு விஷயம். கன்சர்வேஷன் ஏரியாவில் டார்மருக்குப் பொது அனுமதி கிடையாது, முழு விண்ணப்பம்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. மேலே சொன்ன பொது அனுமதி தனி வீட்டுக்கு மட்டும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அது இல்லை. வெளித்தோற்றம் குறிப்பிடும்படி மாறினால் கன்சர்வேஷன் ஏரியா இல்லாவிட்டாலும் விண்ணப்பம் வேண்டும். லீஸ் ஒப்பந்தப்படி ஜன்னல் கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருடையதாகவும் இருக்கலாம், முதலில் அவரைக் கேளுங்கள். புது எஸ்டேட் வீடுகளில் கட்டும்போதே பொது அனுமதியை நிபந்தனை போட்டு நீக்கியிருப்பார்கள், பழைய பிளானிங் காகிதத்தைப் பாருங்கள். லிஸ்டட் கட்டடம் என்றால் ஒரு கண்ணாடியைக்கூடக் கேட்காமல் மாற்றாதீர்கள். அங்கே அனுமதியில்லாமல் செய்வதே கிரிமினல் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் உண்டு. அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு. நான் சொன்ன எண்களை அங்கே பயன்படுத்த வேண்டாம், உங்கள் கவுன்சிலைக் கேளுங்கள்.